போகும்போது தேங்காய், வரும்போது கச்சான்

கிளிநொச்சியிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கமாகப் போவதுதான் கிட்ட. தம்பியும் அதைத்தான் சொன்னான். அம்மா கேட்கவில்லை. "அந்த றோட்டில முறிகண்டி வராது" என்றார். அந்த றோட்டில் முள்ளிவாய்க்கால் வரும் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்து மூன்றாம் நாள். முப்பது வருஷத்துக்கு மேல் லொறி ஓடியவர். யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதையில் போகிற எல்லா வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்கும்தான். அப்பா நிற்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. செருப்பை லொறிக்குள்ளேயே கழற்றிவிட்டு வெறுங்காலுடன் இறங்குவார். கற்பூரம் கொளுத்தி, ஒரு தேங்காய் அடித்து, திருநீற்றை முதலில் ஸ்ரேறிங்கில் பூசிவிட்டுத்தான் தன் நெற்றியில் பூசுவார். கச்சான் கடலை வாங்கமாட்டார். அது வரும்போதுதான். இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் எங்கள் தலைமாட்டில் கடதாசியில் சுற்றிய கச்சான் சரை இருக்கும். விடிய அதைக் கை தடவினால்தான் அப்பா வந்துவிட்டார் என்று தெரியும்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து சீமெந்து ஏற்றினார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் கிடந்து, தூசியும் தானுமாக வருவார். சரை மட்டும் தப்பாது. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. 2009 இல் போரின் கடைசியில் லொறியை அந்த முள்ளிவாய்க்கால் றோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம். லொறித் திறப்பை, அந்தச் சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் ஓடியதெல்லாம் வேறு ஆட்களின் லொறிதான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். முறிகண்டியில் தம்பி தேங்காய் அடித்தான். முதல் அடியிலேயே சிதறியது. மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பினோம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரை வாசலில் நின்றே கும்பிட்டோம். குரக்கன் அறுத்த ஒட்டுத் தாளைச் சுட்ட இடத்தில் லிங்கம் தெரிந்ததாம், அதனால்தான் அந்தப் பெயர் என்று அப்பா லொறிக்குள் வைத்துச் சொன்னது. எனக்குத் தெரிந்த தலபுராணம் எல்லாமே லொறிக்குள் கேட்டதுதான்.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் முடிந்து சில வாரம் என்பதால் கூட்டம் இல்லை. நந்திக்கடல் காற்று மட்டும் விடாமல் அடித்தது. பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கெரித்து, பிறகு இங்கே கொண்டுவருவார்கள். உப்பு நீரில் திரி எரிவதைப் பார்க்கத்தான் அப்பா வைகாசி விசாகத்துக்கு லொறியில் படங்கு விரித்து ஊர்ச்சனத்தை ஏற்றிவருவார். டீசல் காசும் வாங்கமாட்டார். அதற்கு அம்மா பேசாத பேச்சில்லை.

அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்கு மேல் அம்மா எதையோ வைத்தார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பழைய திறப்பு. இவ்வளவு நாளும் சாமிப்படத்துக்குப் பின்னால் கிடந்தது, கறள் பிடித்துப்போய்.

பூசகர் அதைக் கையில் எடுத்தார். "புது வாகனமோ அம்மா?"

"ஓம்" என்றார் அம்மா.

தம்பி என்னைப் பார்த்தான். நான் கண்ணகி அம்மனைப் பார்த்தேன். பூசகர் திறப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சுற்றித் தந்தார். ஆருக்கு என்ன பெயரில் அர்ச்சனை என்று கேட்டதற்கு அம்மா அப்பாவின் நட்சத்திரத்தைச் சொன்னார். இறந்தவருக்கு அப்படிச் செய்யலாமோ என்று எனக்குத் தெரியாது. ஆளுக்கு இல்லை, லொறிக்கு என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது முறிகண்டிக்கு வர இருட்டிவிட்டது. அம்மா நாங்கள் வந்த வானுக்குள் நித்திரை. கச்சான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அப்பா எந்தக் கடையில் வாங்குவார்? தம்பிக்கும் தெரியவில்லை.

"எழுப்பிக் கேக்கட்டா?"

"வேண்டாம், படுக்கட்டும்."

முதலாவது கடையிலேயே மூன்று சரை வாங்கினோம். வான் கிளம்பிய சத்தத்தில் அம்மா எழும்பி, ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டார்.

"இது அந்தக் கடை இல்லை" என்றார். அப்புறம் இன்னொன்றை உடைத்தார்.