அச்சகத்துக்கு ஓர் ஆஸ்டரிஸ்க் டயல் பிளான்

சிவகாசியில் உறவினர் நடத்தும் அச்சகத்தில் அலுவலகம், எந்திரக்கூடம், கிடங்கு ஆகிய மூன்று இடங்களுக்கும் ஒரே தரைவழி இணைப்புதான் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில், தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளை நிறுவி, தரைவழிக் கம்பியைச் செருகும் எஃப்எக்ஸ்ஓ முனையுள்ள கேட்வே என்ற இடைக்கருவி வழியாக அந்த இணைப்பை அதனோடு சேர்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் (உள் எண்) கொடுத்திருக்கிறேன். நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று வகுக்கும் டயல் பிளானில்தான் சிந்திக்க வேண்டியிருந்தது.

வெளி இணைப்புக்கு 0 அழுத்துவது பல அலுவலகங்களில் உள்ள வழக்கம். ஆனால் நம் நாட்டில் எஸ்டிடி எண்கள் 0-வில் தொடங்குகின்றன; 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்கவும் 0 கட்டாயம். ஆகவே 0-வையே முன்னொட்டாக வைத்தால் ஒவ்வொரு கைப்பேசி அழைப்பும் 00 என்று தொடங்கும். முன்னொட்டை மறந்து அழுத்தப்பட்ட, 00-வில் தொடங்கும் ஐஎஸ்டி (வெளிநாட்டு) எண்ணிலிருந்து அதைப் பிரித்தறிய விதியால் இயலாது. அதனால் 9-ஐத் தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்டென்ஷன்களுக்கு 1-இல் தொடங்கும் வரிசையைத் தவிர்த்து 201 முதல் கொடுத்ததற்குக் காரணம், 100, 101, 108, 112 ஆகிய அவசர எண்கள் அந்த வரிசையில் இருப்பதுதான். பதற்றத்தில் இருப்பவருக்கு முன்னொட்டு நினைவுக்கு வராது என்பதால், 112-ஐ 9 சேர்த்தும் சேர்க்காமலும் அழைக்கும்படி இரண்டு விதிகள் எழுதினேன்.

ஆஸ்டரிஸ்கில் எண்ணமைப்பு அடிக்கோட்டில் தொடங்கும். அதில் எக்ஸ் (X) என்பது 0 முதல் 9 வரையும், இசட் (Z) 1 முதல் 9 வரையும், என் (N) 2 முதல் 9 வரையும் உள்ள எந்த இலக்கத்தையும் குறிக்கும். சிவகாசியின் எஸ்டிடி குறியீடு 04562, உள்ளூர் எண்கள் ஆறு இலக்கம். ஆகவே உள்ளூர் விதி 9, அடுத்து ஓர் என், பிறகு ஐந்து எக்ஸ். கைப்பேசிக்கும் எஸ்டிடிக்கும் தனித்தனி விதி எழுத விரும்பினேன். ஆனால் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் தொடங்க, பெங்களூருவின் குறியீடு 080 என்றும் அகமதாபாத்தின் குறியீடு 079 என்றும் இருப்பதால், 0-வுக்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவாக 9, 0, ஓர் இசட், ஒன்பது எக்ஸ் என்று ஒரே விதி வைத்தேன். இசட்டில் 0 அடங்காததால் ஐஎஸ்டி அழைப்பு இதில் நுழையாது.

யாருக்கு எந்த விதி என்பதைக் கான்டெக்ஸ்ட் என்ற பிரிவு தீர்மானிக்கிறது. கிடங்குத் தொலைபேசிக்கு உள் எண்களும் 112-உம் மட்டும், எந்திரக்கூடத்துக்குக் கூடுதலாக உள்ளூர் எண்கள், அலுவலகத்துக்கு ஐஎஸ்டி தவிர எல்லாம். விதிகள் கோப்பில் எழுதிய வரிசைப்படி பார்க்கப்படுவதில்லை, மிகக் குறிப்பாகப் பொருந்துவதே வெல்லும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்தப் போட்டி ஒரே கான்டெக்ஸ்டுக்குள் மட்டுமே நடக்கிறது. முதன்மைக் கான்டெக்ஸ்டில் எதையாவது பொருத்திவிட்டால், இன்க்ளூட் என்ற கட்டளை மூலம் அதில் சேர்த்த பிற கான்டெக்ஸ்டுகளை ஆஸ்டரிஸ்க் திறந்துகூடப் பார்க்காது. அலுவலகக் கான்டெக்ஸ்டில் சோதனைக்காக, 9-க்குப் பின் எது வந்தாலும் ஏற்கும் புள்ளி விதி ஒன்றை வைத்துப் பார்த்தபோது, இன்க்ளூட் வழியாக வந்த ஐஎஸ்டி மறுப்பு விதி முற்றிலும் மறைந்துபோனது. அத்தகைய விதியை இப்போது எங்கும் வைக்கவில்லை. இதில் இன்னொரு பயனும் உண்டு: 9-இல் தொடங்கும் கைப்பேசி எண்ணை முன்னொட்டும் 0-வும் இல்லாமல் அழுத்தினால், அது எந்த விதிக்கும் பொருந்தாமல் அங்கேயே மறுக்கப்படுகிறது.

இவற்றைச் சரிபார்க்க உண்மையில் அழைக்கத் தேவையில்லை, 112-ஐப் பொறுத்தவரை அழைக்கவும் கூடாது. கட்டளை வரியில் டயல்பிளான் ஷோ என்று எழுதி, எண்ணையும் கான்டெக்ஸ்டையும் கொடுத்தால், எந்த விதி எடுத்துக்கொள்ளப்படும் என்று காட்டிவிடுகிறது.

உள்வரும் அழைப்புகளுக்கு நேர நிபந்தனை வைத்தேன். வேலை நேரத்தில் முதலில் அலுவலகம் 20 விநாடி ஒலிக்கும், எடுக்காவிட்டால் எந்திரக்கூடமும் சேர்ந்து ஒலிக்கும், அதன் பிறகு குரலஞ்சல். மறுமுனை துண்டிக்கப்பட்டதை இந்தத் தரைவழி இணைப்பு தனியாக அறிவிப்பதில்லை; பிஸி டோனைக் கேட்டுத்தான் கேட்வே கண்டறிய வேண்டும், இல்லையேல் குரலஞ்சல் அந்த ஒலியையே பதிவுசெய்துகொண்டு இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும். 400 ஹெர்ட்ஸ், 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி அமைதி என்ற இந்திய அளவைக் கொடுத்த பின் இணைப்பு உடனுக்குடன் விடுபடுகிறது. விடுமுறை நாட்களுக்கான தமிழ் அறிவிப்பைப் பதிவுசெய்து சேர்ப்பது மட்டும் மீதமிருக்கிறது.