பயனாளிகள் எண்ணிக்கை

“உங்கள் ஈரப்பத வரைபடத்தைப் பார்த்து எந்த விவசாயியாவது தண்ணீர் பாய்ச்சுவதை ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கிறாரா?” என்று கேட்டது நான்தான். பதவி உயர்வுக் குழுவில் நான் வெளி உறுப்பினர். எதிரே இருந்த விண்ணப்பதாரர், செயற்கைக்கோள் ரேடாரை வைத்து மண்ணின் ஈரத்தை ஆராய்பவர்.

“இல்லை சார்” என்றார் அவர். அதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். “தள்ளிப்போடச் சொல்லவும் மாட்டேன். சி பட்டை ரேடார் மேல்மண்ணில் சில சென்டிமீட்டரைத்தான் பார்க்கிறது. பருத்தி வேர் அதற்குக் கீழே இருக்கிறது” என்றார்.

பதிலில் ஒரு பிழையும் இல்லை. மதிப்பெண் தாளில்தான் அதற்கு இடமில்லை. ‘சமூகப் பயன்: பயனாளிகள் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் அவர் கோடு போட்டிருந்தார். இன்னொரு விண்ணப்பதாரர் தன் வரைபடம் அடங்கிய மாவட்டத்தின் விவசாயிகள் அத்தனை பேரையும் அதே கட்டத்தில் எழுதியிருந்தார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். “நிறைய பேர் சார்” என்றார். மற்ற உறுப்பினர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் இருவருக்கும் இருபதுக்கு ஐந்து போட்டேன். ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். ஆனால் ‘நிறைய பேர்’ என்பது கூட்டக் குறிப்பில் பயன் என்று பதிவானது. ‘இல்லை’ என்பது இல்லை என்றே பதிவானது. அந்த ‘இல்லை’யை வரவழைத்தது என் கேள்வி.

‘இல்லை’ என்றவர் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் இது புரியாது. காய்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்பதன் அளவு) சுமார் 3, 4 இருக்கும், தண்ணீருக்கு 80. அதனால் ஈரமான மண் ரேடார் அலையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். கேட்க எளிது. ஆனால் நிலத்தை உழுதால் கட்டிகளின் கரடுமுரடே பின்சிதறலை, அதாவது ரேடாருக்குத் திரும்பி வரும் அலையை, கூட்டிவிடும். புழுதி பறக்கும் வயல்கூட ஈரமாகத் தெரியும். பயிர் வளர்ந்தால் இலையில் இருக்கும் தண்ணீரும் கணக்கில் கலக்கும். அவர் கரிசல் மண்ணில் உழவுக்கு முன்னும் பின்னும், சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் கடக்கும் நாட்களில், மண்ணை டப்பாவில் அள்ளி, 105 டிகிரியில் உலர்த்தி, எடை பார்த்து, வரைபடத்தை எந்தெந்த வாரங்களில் நம்பக் கூடாது என்று காட்டியிருந்தார். நம்பக் கூடாது என்று சொல்லும் ஆய்வுக்குப் பயனாளி யார்? தவறான வரைபடத்தை நம்பிக் கெடாமல் போனவரா? அவரை எப்படி எண்ணுவது?

கூட்டம் முடிந்து ரயிலில் வரும்போதே இந்தத் துறையின் பெரியவர்களை அந்தத் தாளில் உட்கார வைத்துப் பார்த்தேன். 1970களில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபவாஸ் உலாபியும் அவர் குழுவும் லாரியில் பொருத்திய ரேடாரை வயலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, எந்த அலைவரிசையில், எந்தக் கோணத்தில் ஈரம் நன்றாகத் தெரிகிறது என்று அளந்தார்கள். அப்போது பயனாளிகள்: சுழியம். வியன்னாவில் வொல்ஃப்காங் வாக்னர் எடுத்துக்கொண்டதோ கடல் காற்றை அளக்க அனுப்பிய ஈஆர்எஸ் செயற்கைக்கோளின் கருவி. அதிலிருந்து மண் ஈரம் எடுக்கலாம் என்று 1990களின் இறுதியில் காட்டினார். அந்த வழிமுறைதான் பிறகு மெட்டாப் வானிலைச் செயற்கைக்கோள்களுக்குப் போய், இன்று வானிலைக் கணிப்பு மையங்களுக்கு அன்றாடத் தரவாகிறது. 1999இல் நான் குழுவில் இருந்திருந்தால் அவருக்கும் ஐந்துதான்.

சரி, ஆனால் இந்த வாதமும் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. ‘இருபது வருடம் பொறுங்கள், பயன் தெரியும்’ என்று எந்த ஆய்வாளரும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லி ஓய்வு பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். மக்கள் பணத்தில் ஆய்வு செய்பவரிடம் வயலில் என்ன மாறியது என்று கேட்பது அநியாயமா? அப்படி நான் நினைக்கவில்லை. கருவியை நம்பியும் காத்திருக்க முடியாது. மண் ஈரம் அளக்கும் நாசாவின் எஸ்எம்ஏபி செயற்கைக்கோள் 2015 ஜனவரியில் ஏவப்பட்டது. ஜூலையிலேயே அதன் ரேடார் நின்றுவிட்டது. மண் தானாக வெளியிடும் நுண்ணலையை அளக்கும் ரேடியோமீட்டர்தான் காப்பாற்றியது.

அன்று கோடு போட்டவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. என் மதிப்பெண்ணால் மட்டும் அல்ல. கூட்டிப் பார்த்தேன், நான் பத்து போட்டிருந்தாலும் பட்டியலில் வந்திருக்க மாட்டார். இதைச் சொல்லிக்கொள்வதில் ஆறுதல் இருக்கிறது. ஆனால் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால் பதில் இல்லை.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசா-இஸ்ரோவின் நிசார் ரேடார் செயற்கைக்கோள் போனது. அதன் எல் பட்டை, சி பட்டையைவிட நீளமான அலை, பயிரைத் தாண்டி மண்ணை இன்னும் நன்றாகப் பார்க்கும். உழவின் கரடுமுரடு மட்டும் அங்கேயும் தொல்லைதான். அவருடைய அளவீடுகளைக் கேட்டு யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். எழுதினாலும் அவர்களும் ஆய்வாளர்கள்தான்; அந்தக் கட்டத்தில் சேர மாட்டார்கள்.

அதே குழுவுக்கு மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. கட்டம் மாறவில்லை. அதே கேள்வியைத்தான் கேட்பேன், அநேகமாக ஐந்துதான் போடுவேன். கூட்டக் குறிப்பில் பதிலை முழுவதும் எழுத வேண்டும், ‘இல்லை’யோடு நிறுத்தக் கூடாது என்று தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.