சித்தப்பாவுக்கு வந்த மெயில்

மார்ச் 4, 2024, திங்கள்

இரவு சித்தப்பா போன் செய்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. ரிசர்வ் வங்கியிலிருந்து மெயில் வந்திருக்கு" என்றார். 4 கோடியே 70 லட்சமாம். பிராசஸிங் ஃபீஸ் 18,500 ரூபாய் கட்டினால் கணக்கில் வந்துவிடுமாம். கட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். நாளை அலுவலகத்துக்கு லீவு.

மார்ச் 5, செவ்வாய்

கவர்னர் கையெழுத்து, முத்திரை எல்லாம் அந்த மெயிலில் இருக்கின்றன. அனுப்பியவர் பெயரைத் தொட்டால் வருவது ஒரு ஜிமெயில் முகவரி. பதில் அனுப்பப் போனால் வேறொரு முகவரி. ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் கணக்கு வைப்பதில்லை. தன் பெயரில் இப்படி மெயில் வருவதாக அதுவே பலமுறை எச்சரித்திருக்கிறது. சித்தப்பா தலையாட்டினார். ஆனால் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அவர் போட்டிருந்த கணக்கைப் பார்த்துவிட்டேன். முதல் வரி, சித்தியின் முழங்கால் ஆபரேஷன். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வரவில்லை.

மார்ச் 6, புதன்

"இத்தனை எழுத்துப்பிழையோடு எழுதுகிறவனை நம்பினேனே" என்று காலையிலிருந்து புலம்புகிறார். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவர். அந்தப் பிழைகளும் மோசடிக்காரர்களுக்கு உதவத்தான் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் இதைப் பற்றி எழுதினார்: நம்ப முடியாத கதையாகச் சொன்னால் சந்தேகப்படுகிறவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள், பதில் போடுகிறவர்களிடம் மட்டும் நேரம் செலவழித்தால் போதும். பிரேசில் நாட்டு வங்கி ஒன்றின் கதையையும் சொன்னேன். 1990களில் நைஜீரியாவின் இம்மானுவேல் நுவுடே கும்பல், கட்டப்படாத ஒரு விமான நிலையத்தைக் காட்டி அந்த வங்கியின் உயரதிகாரியிடமிருந்தே 24 கோடி டாலருக்கு மேல் கறந்தது. வங்கிக்காரரே ஏமாந்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மார்ச் 7, வியாழன்

காபி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். போன வாரமே 'பதிவுக் கட்டணம்' 6,000 கட்டியிருக்கிறார். ஆதார் நகலும் அனுப்பியிருக்கிறார். திங்களன்றே சொல்ல வெட்கமாக இருந்ததாம். பணம் கைமாறிய உடனே சொன்னால்தான் அதை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இந்த வெட்கத்தில் அந்த நாட்கள் போய்விட்டன. இருந்தாலும் ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டிவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழைத்தேன்.

பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள். சித்தப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். வகுப்பில் சொல்வதெழுதுதல் போடுவதுபோல ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னார்.