அவரோ, அவவோ

திருகோணமலையில் நான் உரைபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குச்சவெளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய மகனின் விண்ணப்பமும் மகளின் விண்ணப்பமும் ஒரே கோப்பில் கிடந்தன. கோப்பைப் புரட்டிப் பார்த்த சிங்கள அதிகாரி, ‘எயா’வை, அதாவது அந்த ஆளை, நாளைக்கு வரச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். நானும் யோசிக்காமல், "அவர் நாளைக்கு வரட்டாம்" என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே மகனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார் அம்மா. சிக்கல் இருந்தது மகளின் விண்ணப்பத்தில். கடலுக்குப் போகிற அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் உழைப்புப் போனது. "பரவாயில்லை, நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன்" என்று சொல்லிவிட்டு இருவரும் திரும்பிப் போனார்கள். பிழை என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

பேச்சுச் சிங்களத்தில் ‘எயா’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். வினைச்சொல்லும் பால் காட்டாது. எழுதும்போது மட்டும் இருபாலுக்கும் வேறு வேறு சொல் போடுவார்கள். எங்கள் தமிழில் இது அப்படியே தலைகீழ். எழுத்தில் ‘அவர்’ எல்லோருக்கும் பொது. வாயைத் திறந்தால் அது ஆணுக்குப் போய்விடும், பெண்ணுக்கு ‘அவ’. அவர் வந்தவர், அவ வந்தவ. மேலே அந்த அம்மாவை ‘வந்தார்’ என்று எழுதியிருக்கிறேன். இதையே உங்களுக்கு நேரில் சொல்லியிருந்தால் ‘வந்தவ’ என்றுதான் வந்திருக்கும். மரியாதையில் குறைவில்லாத சொல் ‘அவ’. ஆனால் அது தனி வழி பிடித்ததால், பேச்சில் பொதுவாக நின்ற சொல் எங்கள் கையைவிட்டுப் போயிற்று.

பிறகு முறையாகத் தொழில் பழகியபோது முதலில் சொல்லித் தந்தது, ‘அவர் சொல்கிறார்’ என்று தொடங்காதே என்பதை. பேசுகிறவரின் ‘நான்’ என் வாயிலும் ‘நான்’ ஆகவே வர வேண்டும். கருத்துத் திரியாமல் இருக்கத்தான் அந்த விதி. அதில் இன்னொரு நன்மையும் இருப்பதைப் பல வருடம் கழித்தே கண்டேன். ‘நான்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ‘நீங்கள்’ என்பதிலும் இல்லை. ஒருவரோடு நேராகப் பேசுகிறபோது தமிழ் அவருடைய பாலைக் கேட்பதே இல்லை. அவரைப் பற்றி வேறொருவரிடம் சொல்லத் தொடங்கியவுடன்தான் கேட்கிறது.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நிறைந்த காலை. இருபத்துச் சொச்சம் வயது மதிக்கத்தக்க ஒருவர் நீலக் கோப்புறையோடு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். ஒரு கடிதத்தைச் சிங்களத்தில் பெயர்த்துத் தர வேண்டும். நிரப்பிக் கொடுத்த படிவத்தின் முதல் வரியில், வழமைபோல, திரு / திருமதி / செல்வி, பக்கத்திலேயே ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’. மூன்றும் வெட்டப்பட்டிருந்தன. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரே நேர்கோடு. அவசரத்தில் விழுந்த கோடு அல்ல அது.

அதிகாரியோடு நடந்த பேச்சில் சிரமமே இல்லை. நான் ‘நான்’ என்றேன், அவர் ‘எயா’ என்றார். சிக்கல் பக்கத்து மேசையில் வந்தது. படிவத்தைப் பதிவேட்டில் ஏற்றுகிற சகோதரி என் பக்கம் சாய்ந்து, மெல்லத்தான், "ஆர் இது, அவரோ அவவோ?" என்று கேட்டா. கேட்டுவிட்டு அடையாள அட்டையை எடுத்து இலக்கத்தைப் பார்த்தா. எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில், பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். முகத்தையே பார்க்காமல் ஒருவரை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சொல்லிவிடுகிற இலக்கம். 2016இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, மனநல மருத்துவரூடாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத்தான். கோடு போட்டு மூன்றையும் வெட்டியவருக்கு அங்கே இடமில்லை.

வந்தவருக்கு அந்தக் கேள்வி கேட்டுவிட்டது. தலையைக் குனிந்து கோப்புறையின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். நான் கேட்டேன்: "உங்களைப் பற்றி மற்ற ஆக்களுக்குச் சொல்லேக்க எப்பிடிச் சொல்லட்டும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுதேக்க அவர் எண்டு எழுதுங்கோ. கதைக்கேக்க பேரைச் சொல்லுங்கோ. அவர் எண்டா ஆம்பிளை எண்டுதானே நினைப்பினம்" என்றார். இன்னும் ஒன்று சொன்னார், குரல் இறங்கி: "அது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

‘அது’ எப்படிப்பட்ட சொல் என்பது நமக்கெல்லாம் தெரியும். வீட்டில் "பிள்ளை சாப்பிட்டுதோ?" என்று அம்மா கேட்கும்போது அந்த அஃறிணை முடிவில் பாசம் நிறைந்திருக்கும். ஆண் பிள்ளைக்கும் அதுதான், பெண் பிள்ளைக்கும் அதுதான். "பாவம் அதுகள்" என்னும்போது இரக்கம். அதே சொல்லைப் பள்ளிக்கூட மதிலோரம் கும்பலாக நின்று சொன்னால் கல்லெறிதான். நம் மொழியில் பால் சுட்டாத சொல் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. இருப்பது மடியிலும் இருக்கிறது, மதிலோரத்திலும் இருக்கிறது. நடுவில், அலுவலக மேசைக்கு ஏற்ற உயரத்தில்தான் இல்லை.

அந்தக் கடிதத்தைப் பெயர்த்தேன்; தமிழ்ப் பிரதியையும் திருத்திக் கொடுத்தேன். "விண்ணப்பதாரர் தமது முகவரியை மாற்றித் தருமாறு கோரியுள்ளார்." ‘தாரர்’, ‘தமது’, ‘உள்ளார்’, மூன்றிலும் பால் இல்லை. எழுதி முடித்தபோதுதான் நினைத்தேன், எழுத்துத் தமிழ் இவ்வளவு இடம் வைத்திருக்கிறதே என்று.

தேநீர் வேளையில் இதைச் சொன்னபோது மூத்த அலுவலர் ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட புதுப் பழக்கம்" என்றார். நான் மதிக்கிற மனிதர், ஆனால் இதில் அவரோடு உடன்பட முடியவில்லை. ‘ஒருவர்’ என்ற சொல் இருபாற்கும் உரியது என்று தொல்காப்பியம் பெயரியலில் சொல்லியாயிற்று. அதைவிட நெருக்கமான சாட்சி எங்கள் ஊர்ச் சுவாமி மலையில், கோணேசர் கோயிலில் இருக்கிறது. கோணேசருக்கு ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய பதிகத்தை இந்த ஊரில் சிறுவயதிலேயே பாடமாக்கியவர்கள் நாங்கள். முதல் அடியிலேயே கழலும் ஒலிக்கிறது, சிலம்பும் ஒலிக்கிறது. அடுத்து ‘வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்’. பாதி பெண்ணான ஒரு வடிவத்தைச் சொல்லப் சம்பந்தர் எடுத்த விகுதி ‘அர்’. கடவுளையும் மனிதரையும் ஒப்பிட நான் வரவில்லை. எவரையும் இரண்டாகப் பிளக்காமல் மரியாதையோடு சொல்லத் தமிழுக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகவே சொல்கிறேன். அந்த மூத்த அலுவலரும் பதிகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்தான். மறுமொழி சொல்லாமல் கிளாஸைக் கழுவப் போனார்.

படிவம் இன்னும் மாறவில்லை. புதிதாக அச்சடித்து வந்த கட்டிலும் அதே வரி. மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை மேசையில், "விருப்பமெண்டா ஒண்டை விடுங்கோ, இல்லாட்டி மூண்டையும் வெட்டுங்கோ" என்று எல்லோருக்குமே சொல்கிறேன். திருமணமாகி விவாகரத்தான ஓர் அக்கா, திருமதியா செல்வியா என்று தயங்கிக்கொண்டிருந்தவ, நான் சொன்னதும் மூன்றையும் வெட்டிவிட்டுப் பேனையைத் தந்தா.

மூன்று கிழமை கழித்து நீலக் கோப்புறைக்காரர் கடிதத்தை எடுக்க வந்தார். வாசல் வாங்கில் வரிசையில் இருந்தார். கடிதம் பக்கத்து மேசையில் இருந்தது. அந்தச் சகோதரி எழும்பி, கூப்பிட வாயெடுத்து, நிறுத்தி, என்னிடம் வந்து படிவத்தைத் திருப்பிக் காட்டினா.

"இந்தப் பேரை எப்பிடிச் சொல்லுறது, நெடிலோ குறிலோ?"

குறில் என்றேன். வாசல் வரை போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா.