ஏ லெவலில் சமயமும் தத்துவமும் படித்த கதை

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான ஏ லெவலுக்கு 'ரிலிஜியஸ் ஸ்டடீஸ்' என்ற சமயப் பாடத்தை எடுக்கப்போகிறேன் என்றதும் அப்பா கேட்டது, "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" சட்டம் படிக்க நினைப்பவர்களும் இதை எடுக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மம்மாவின் கவலை வேறு: "பைபிளோ படிப்பிக்கினம்?"

பைபிளும் கொஞ்சம் இருந்தது. எங்களுக்கு ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். சமயத் தத்துவம், அறவியல், ஒரு சமயத்தின் சிந்தனை வளர்ச்சி என்று மூன்று வினாத்தாள்கள். மூன்றாவதற்கு இந்து சமயத்தையும் எடுக்கலாம், ஆனால் முடிவெடுப்பது பள்ளிக்கூடம். எங்கள் பள்ளியில் கிறிஸ்தவம்.

ஒவ்வொரு தாளும் இரண்டு மணி நேரம். நான்கு கேள்விகளில் மூன்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 40 புள்ளி. அதில் பாடம் தெரிந்ததற்கு 16தான், மிச்சம் 24உம் வாதத்துக்கு. ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டைப் பற்றிப் பாடமாக்கிய எல்லாவற்றையும் கொட்டினாலும் அந்த 16ஐத் தாண்ட முடியாது. அதனால் முன்னுரையிலேயே என் முடிவைச் சொல்லிவிடுவேன். எதிர்வாதத்தைக் கட்டுரையின் கடைசியில் ஒதுக்காமல், அந்தந்தப் பத்தியிலேயே இழுத்துவந்து பதில் சொல்வேன். ஒரு கட்டுரைக்கு 40 நிமிடம் வைத்து வீட்டில் எழுதிப் பழகியதுதான் உண்மையில் கைகொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு தீமை பற்றியது. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் துன்பம் ஏன்? மனிதன் சுயவிருப்பத்தால் வழிதவறியதன் விளைவு என்கிறார் பழைய கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டீன். இந்த உலகமே ஆன்மா பக்குவப்படும் இடம் என்கிறார் இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் ஹிக். வன்னியில் நடந்ததைக் கேட்டு வளர்ந்த எனக்கு ஹிக் சொன்னது இலகுவில் இறங்கவில்லை. பக்குவப்படுமுன்பே செத்துப்போன பிள்ளைகளுக்கு என்ன பதில்? இறந்த பிறகும் அது தொடரும் என்பது அவர் பதில். அம்மம்மாவிடம் கேட்டால் முற்பிறவி வினை என்பார். இரண்டு பேரும் கணக்கை இந்தப் பிறவிக்கு வெளியேதான் முடிக்கிறார்கள்! இதைக் கண்ட பிறகு ஹிக்கை எந்த இடத்தில் மடக்கலாம் என்று தெரிந்தது. துன்பத்தை ஒரு நன்மைக்கான கருவி ஆக்குவதே தவறு என்ற தத்துவவாதி டி.இசட். பிலிப்ஸின் விமர்சனத்தை அங்கேதான் வைப்பேன்.

அறவியல் அவ்வளவு கஷ்டமில்லை. அக்வைனஸ், பெந்தம், மில், ஃபிளெட்சர் என்று பெயர்கள் நிறைய. அவர்களின் அறக் கோட்பாடுகளைக் கருணைக்கொலைக்கும் வியாபார நெறிக்கும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். கஷ்டம் சமய மொழி என்ற தலைப்பில்தான். கடவுளைப் பற்றிய வாக்கியத்துக்கு அர்த்தமே இருக்கிறதா என்று ஏயர், ஃபுளூ என்ற தத்துவவாதிகள் கேட்பார்கள். வாசித்தால் தலை சுற்றும். வகுப்பில் பாதிப்பேர் அதை விட்டுவிடலாம் என்றார்கள். நான்கில் மூன்று எழுத வேண்டிய தாளில் அது ஆபத்தான கணக்கு: அந்தத் தலைப்பு வந்துவிட்டால் மற்ற மூன்றையும் எழுதியே ஆகவேண்டும்.