ஆவி வேண்டாம், கனம் போதும்

என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில், சரியாகப் பைக்கு மேலே, பழைய எட்டணா அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். முந்தின நாள் இரவு ஒரு பிளவுஸ் கழுத்து விறைப்பாக நிற்க, ஒரு பக்கம் பசை பூசிய ஒட்டுக் கேன்வாஸ் வைத்துத் தேய்த்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் கேன்வாஸைத் தலைகீழாக வைத்துவிட்டேன். பசை துணியில் ஒட்டாமல் இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, காலையில் அவர் சட்டையில் இறங்கிவிட்டது. மனிதர் சத்தம் போடவில்லை. வேறு சட்டையை மாட்டிக்கொண்டு, "உன் தையலுக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கிக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது? வாங்கத்தான் வேண்டும்.

பிளவுஸ் தைத்து வரும் காசில்தான் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். ஆகவே ஆயிரம் ரூபாய் வரம்பு.

தெருவில் உள்ளவர்களுக்கு லைனிங் பிளவுஸ் தைக்கிறேன். மிச்ச நேரத்தில், மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கும் கட்பீஸ்களையும் கிழிந்த சுங்குடிச் சேலைகளையும் சதுரமாக வெட்டி இணைத்துப் போர்வை தைக்கிறேன். என் அம்மா பழைய நூல் சேலைகளை நாலடுக்காகப் போட்டுக் கையால் ஓட்டுத்தையல் போட்ட போர்வைக்குப் பெட்டியே தேவைப்பட்டதில்லை. சதுரம் இணைக்கும் போர்வை அப்படியில்லை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முறை மெஷினை விட்டு எழுந்து பெட்டி போட்டே ஆக வேண்டும். மூன்றங்குலச் சதுரம் ஒன்பதைச் சேர்த்தால் ஒன்பது அங்குலக் கட்டம் வர வேண்டும். தையலை ஒழுங்காகப் படியவைக்காவிட்டால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு நூலகலத்தைத் தின்றுவிடும். எட்டுக் கட்டம் சேர்க்கும்போது மூலைக்கு மூலை சேராது, போர்வை வாயைக் கோணிக்கொண்டு நிற்கும்.

முதலில் காசு செலவழிக்காமல் பார்க்கலாம் என்று, மகள் எப்போதோ வாங்கிக்கொடுத்த ஆவிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். எங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர். குடத்தின் உட்புறம் சுண்ணாம்பு அடித்தது போல உப்புப் படியும் தண்ணீர். அதைத்தான் அந்தப் பெட்டியும் ஒரு வருடம் குடித்திருந்தது. மஞ்சள் சுங்குடித் துண்டின் மேல் வைத்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், தொடர்ந்து பழுப்புத் தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியாது என்றார்கள். தையல் கூலியில் தண்ணீருக்கும் பங்கு வைக்க எனக்கு மனமில்லை.

தண்ணீரை விடுங்கள், அந்தப் பெட்டியே தையலுக்கு ஒத்துவரவில்லை. அடித்தகட்டில் துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் கிடையாது. ஒட்டுக் கேன்வாஸ் அங்கெல்லாம் சரியாக ஒட்டாமல் கொப்புளம் போல எழும்பியது. சும்மா நிறுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். தேய்ப்பவர்களுக்கு அது பாதுகாப்பு. எனக்கோ, மெஷினில் நாலு தையல் போட்டுவிட்டுத் திரும்பினால் ஆறிப்போய் நின்றது. போதாததற்கு 2000 வாட். 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மெஷின் இருக்கும் அறையில் 6 ஆம்பியர் சாக்கெட்தான். 750 வாட் பெட்டி என்றால் மூன்றேகால் ஆம்பியரோடு முடிந்தது.

பிறகு எதிர்வீட்டு அக்காவின் பெட்டியை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். அறுநூறு கிராம்கூட இருக்காது, பொம்மை போல. கை வலிக்காது என்று சொல்லி விற்பது இதைத்தான். எனக்குத் தோள்பட்டையே போய்விட்டது. பெட்டிக்குக் கனம் இல்லையென்றால் அழுத்துவது நம் கைதானே! சூடும் நிற்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. சூடேறினால் வளைந்து மின்சாரத்தை அறுக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். விளக்கு எரிந்து எரிந்து அணைவது அதனால்தான். அடித்தகடு மெல்லியதாக இருந்தால் சூட்டைப் பிடித்துவைக்க உலோகம் இல்லை. மூன்று சதுரம் போட்டதும் ஆறிவிடும். மறுபடி விளக்கு எரியக் காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கரிப்பெட்டியில் ஏது ஆவி? பக்கத்தில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் இருக்கும். அதில் விரலை நனைத்துத் தையல் வழியாக ஓர் இழுப்பு, மேலே பெட்டி, அவ்வளவுதான். தையல் வாழைமட்டை போலப் படிந்துவிடும். என்ன வாங்க வேண்டும் என்பது அதோடு தெளிந்துவிட்டது: துளை இல்லாத, கனமான, சாதாரணப் பெட்டி.

கடைக்குப் போகும்போது கைப்பையில் ஆறங்குல இரும்பு ஸ்கேலும், தைத்துப் பெட்டி போடாத இரண்டு துண்டுத் துணியும் எடுத்துக்கொண்டேன். கடைப் பையன் வரிசையாக லேசான பெட்டிகளையே எடுத்து வைத்தான். "தம்பி, கனமானதைக் காட்டு" என்றதும் விநோதமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒரு பெட்டியில் ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்தது. அது குழிந்த தகடு, வேண்டாம் என்று ஒதுக்கினேன். கறுப்பு நான்ஸ்டிக் பூச்சும் வேண்டாம். பிளவுஸ் கொக்கி ஒன்று கீறினால் போதும், பிறகு உரிந்துகொண்டே இருக்கும். வெறும் பளபளப்புத் தகட்டில் பசை பிடித்தால் சுரண்டித் தேய்த்துக்கொள்ளலாம். முனை கூராக இருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேல் ஐஎஸ் 366 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தேன். முத்திரை இல்லாததை ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் தொடக் கூடாது.

எடை அட்டைப்பெட்டியில் இல்லை. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைக்கச் சொன்னேன். ஒயரோடு ஒரு கிலோ எழுநூறு. விலை 1,120 ரூபாய். வரம்பைத் தாண்டிய 120 ரூபாயை ஒரு பிளவுஸ் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இப்போது வேலை இப்படி நடக்கிறது. மேசையில் பழைய கம்பளியை நாலாக மடித்து விரித்திருக்கிறேன். தைத்த துண்டைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, தையலின் மேல் பெட்டியை நிறுத்தி ஐந்து எண்ணுகிறேன். நூல் துணிக்குள் இறங்கிவிடும். பிறகு பிரித்து, மடிப்பை அடர்நிறத் துணிப் பக்கம் சாய்த்து மறுபடி வைக்கிறேன். வெளிர்நிறப் பக்கம் சாய்த்தால் மேலே நிழல் தெரியும். தேய்ப்பதே கிடையாது; வைப்பதும் எடுப்பதும்தான். சட்டை தேய்ப்பது போல இழுத்தால், மூலைவாக்கில் வெட்டிய துண்டு நீண்டு நெளிந்துவிடும். அப்படிப்பட்ட துண்டுகளுக்கு வெட்டும் முன்பே கஞ்சி போட்டுவிடுகிறேன். தடித்த மடிப்பு என்றால் விரலால் தண்ணீர் தொட்டுப் பெட்டி வைத்து, எடுத்த கையோடு மணைப்பலகையை அதன் மேல் வைத்து அழுத்துகிறேன். மரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிறது. பத்து எண்ணி எடுத்தால் தையல் இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படாது. போர்வை முழுவதும் முடிந்த பிறகு பெட்டி பக்கமே கொண்டுபோவதில்லை. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. சூடு பட்டால் அப்பளமாகிவிடும்.

கேன்வாஸ் பசை இரண்டு முறை மறுபடி ஒட்டியது. சன்னலைத் திறந்துவைத்து, சூடான தகட்டில் பாராசிட்டமால் மாத்திரையை இடுக்கியால் பிடித்துத் தேய்த்து, பழந்துணியால் துடைத்தேன். போய்விட்டது. விரலால் பிடித்துவிடாதீர்கள், மாத்திரை உருகும்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தானாக அணையாது என்பதால் எழுந்து போகும்போதெல்லாம் பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். அதைவிடத் தொல்லை ஒயர். அது வலப்பக்கமாக வெளிவருகிறது, நான் இடக்கைக்காரி. ஒவ்வொரு முறையும் துணியின் குறுக்கே வந்து விழுந்தது. கடையில் இத்தனை பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. தெருமுனைத் தேய்ப்புக்காரர் செய்திருப்பது போல, சன்னல் கம்பியில் ஒரு நாடாவைக் கட்டி ஒயரை உயரத் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது தடுக்குவதில்லை. சன்னலைத்தான் சாத்த முடியவில்லை, ஆறு மணியானால் கொசு வந்துவிடுகிறது.