ஜிப்ஸியின் ஊளை: கியர்பாக்ஸ் தப்பித்தது, டிரான்ஸ்ஃபர் பெட்டி மாட்டியது

வண்டி 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், 1298 சிசி, கார்புரேட்டர் எஞ்சின். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது சென்னை வியாசர்பாடியில் பழைய உரிமையாளர் வீட்டு வாசலில் சீட்டு வரை தண்ணீரில் நின்றது. எஞ்சினை மட்டும் ஓடவைத்துவிட்டு, மற்றதைப் பார்க்கப் பொறுமையில்லாமல் விற்றுத் தள்ளிவிட்டார். இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் நிற்கிறது. பிரேக், வயரிங் எல்லாம் முடித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அடியிலிருந்து வரும் ஊளை. 30ல் ஆரம்பித்து 60ல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிய அளவுக்குப் போகும்.

பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கியர்பாக்ஸ் போச்சு, இறக்கு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் டிரெய்லர் லாரிகளுக்குக் கியர்பாக்ஸ் வேலை பார்க்கும் பாய் ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "சத்தம் கியருக்குத் தக்க மாறுதா, வண்டி ஸ்பீடுக்குத் தக்க மாறுதா? அத மொதல்ல பாரு தம்பி. அப்பாலிக்கா ஸ்பானர எடு."

ஜிப்ஸியின் அடிப்பாகம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பழைய மஹிந்திரா ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் பெட்டி (பவரை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) கியர்பாக்ஸின் பின்னாலேயே போல்டு போட்டு ஒட்டியிருக்கும். ஜிப்ஸியில் இரண்டும் தனித்தனி. கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் போய் டிரான்ஸ்ஃபர் பெட்டியைச் சுற்றும். அந்தப் பெட்டி சேஸில் ரப்பர் மவுண்ட்களில் தொங்கும். அதிலிருந்து முன்னச்சுக்கு ஒரு ஷாஃப்ட், பின்னச்சுக்கு ஒரு ஷாஃப்ட். இதனால் ஒரு பெரிய வசதி, ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை இறக்கலாம். எது கெட்டது என்று தெரிந்தால்தான் அந்த வசதியால் பயன்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த டிரான்ஸ்ஃபர் பெட்டியில் நேரடி ஓட்டம் கிடையாது. சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சிலேயே வேகம் 1.409 மடங்கு குறைகிறது, மெதுவான இழுவைக்கான லோவில் 2.268 மடங்கு. அதாவது சாதாரணமாக 2 ஹையில் (ஹை ரேஞ்ச், பின்சக்கரங்கள் மட்டும்) ஓட்டும்போதும் பவர் முழுவதும் உள்ளேயிருக்கும் கவுண்டர் கியர் என்ற இடைக் கியர் வழியாகத்தான் போகிறது. அதனால் நல்ல ஜிப்ஸிகூட லேசாக ஊளையிடும். புதிதாக வாங்கியவர்கள் இதற்கே பயந்து பெட்டியைப் பிரித்த கதை நிறைய உண்டு.

சரி, சோதனை. ஞாயிறு விடியற்காலை, கன்டெய்னர் வரிசை கொஞ்சம் இளைத்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்துப்போனேன். 45ல் 3வது கியர், அதே 45ல் 4வது, பிறகு 5வது. எஞ்சின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது, ஊளையின் சுருதி அப்படியே நின்றது. கியர்பாக்ஸின் உள்ளே ஒரு குறிப்பிட்ட கியரோ முன்பக்க பேரிங்கோ காரணமாக இருந்தால் இப்படி நிற்காது. ஆக, கோளாறு கியர்பாக்ஸின் கடைசி பேரிங்கிலிருந்து பின்னால் எங்கோ இருக்கிறது.

அடுத்து, அச்சா பெட்டியா என்ற கேள்வி. இதற்கு 4 லோ உதவும். வண்டியின் வேகம் மாறாமல் லோவில் போட்டால் அச்சும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் அதே வேகத்தில்தான் சுற்றும். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் உள்வாங்கும் பக்கம் மட்டும் 1.6 மடங்கு வேகமாகச் சுற்றும். லோ என்றாலே நான்கு சக்கரமும் சேர்ந்துவிடும். முன், பின் அச்சுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது, தார் ரோட்டில் திருப்பினால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். அதனால் எண்ணூர்ப் பக்கம் மணல் தரையில் செய்தேன். 4 ஹையில் 3வது கியரும் 4 லோவில் 5வது கியரும் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட ஒரே சுமை: கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பெட்டி இரண்டின் குறைப்பையும் பெருக்கினால் முதலாவது 2.0, இரண்டாவது 1.8. எனவே எஞ்சின் சத்தம் குழப்பாது. இரண்டிலும் 25 வைத்துப் பார்த்தேன். லோவில் ஊளை தெளிவாக மேலே ஏறியது. அச்சுக்கு விடுதலை.

மிச்சம் இரண்டே பேர், கியர்பாக்ஸின் வால் பேரிங் அல்லது டிரான்ஸ்ஃபர் பெட்டி. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் ஓட்டிப் பார்த்துப் பிரிக்க முடியாது. காதுதான் வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரலில் வைத்து, கியரை 4ல் போட்டு, அக்கா மகனை ஆக்ஸிலரேட்டரில் உட்காரவைத்தேன். (டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது கியரில் நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக்கோடு கட்டையும் கட்டாயம்.) நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் ஒட்டி, நுனியைக் கியர்பாக்ஸின் வாலில் வைத்தால் சீரான ஓட்டம். டிரான்ஸ்ஃபர் பெட்டியின் நடுவில் வைத்ததும் கரகரவென்று சரளைக் கல்லை உருட்டுகிற சத்தம். பையனும் கேட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, உள்ள ஏதோ அரைக்குது" என்றான். அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

பெட்டியை இறக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வடிப்பதற்கு முன்னால் ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வடித்த பிறகு அது கழல மறுத்தால் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். ஷாஃப்டுகளைக் கழற்றும் முன் ஃப்ளேஞ்ச்களில் (போல்டு போட்டுச் சேர்க்கும் வட்டத் தட்டுகள்) பெயின்ட் கோடு போட்டால் அதே நிலையில் திரும்ப மாட்டலாம், இல்லாவிட்டால் அதிர்வு புதிதாக வந்து சேரும். உள்ளிருந்து ரப்பர் உறையைத் தூக்கி, லிவரின் மூடியை அமுக்கித் திருப்பினால் லிவர் கையோடு வரும். ஸ்பீடோமீட்டர் கேபிள் இந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது, அதை மறக்காமல் கழற்ற வேண்டும். மவுண்ட் ரப்பர்கள் உப்புக் காற்றில் வெடித்திருந்தன. இந்த ரப்பர் தளர்ந்தால் பெட்டி முறுக்கிக்கொண்டு ஆடும். கியர் நழுவுவதற்குப் பாதிக் காரணம் அதுவே. யோசிக்காமல் புதிது போட்டுவிடலாம்.

வடித்த ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. பார்த்ததும் கதை புரிந்துவிட்டது. பெட்டி சூடானால் உள்ளே காற்று விரிந்து வெளியே போக பிரீதர் என்று ஒரு சின்னக் குழாய் உண்டு. நாள் கணக்கில் வெள்ளத்தில் நின்ற வண்டியில் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே இறங்கிவிடும். ஆயில் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும், அதில் நனைந்த இரும்பு துருப்பிடிக்கும். பிறகு வண்டியை ஓட்டினால் இரண்டும் கலந்து இந்த நிறம். வடித்த ஆயிலைத் தட்டில் பரப்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை அதில் துழாவினேன். மெல்லிய சாம்பல் நிற விழுது ஒட்டினால் கவலை இல்லை, அது எல்லாப் பழைய பெட்டியிலும் வரும். எனக்கு ஒட்டியது செதில் செதிலான துணுக்குகள்.

கூட்டைப் பிரிக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பக் கூடாது. அலுமினியம், முகம் கீறினால் ஆயுள் முழுக்க ஒழுகும். போல்டு எல்லாம் எடுத்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் பசை விட்டுவிடும். லிவர் இழுக்கும் கம்பிகளை எடுக்கும்போது அவற்றை நிறுத்திவைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும், அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துவிடுவது புத்திசாலித்தனம்.

உள்ளே கவுண்டர் கியரைக் கையால் பிடித்து ஆட்டியதும் டக் டக்கென்று அடித்தது. கவுண்டர் ஷாஃப்டை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஊசி பேரிங் (குண்டுக்குப் பதில் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் உள்ளது) ஓடும் இடத்தில் ஷாஃப்டின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி, மறுபக்கம் அம்மைத் தழும்பாகக் குழி. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் தட்டியது. ஊசிகளின் முனையும் மழுங்கியிருந்தது. உள்வாங்கும் ஷாஃப்டின் பால் பேரிங்கைச் சுற்றினால் ஒரே இடத்தில் சிக்கிச் சிக்கிப் போனது. மற்ற பேரிங்குகள் சுமார். ஆனால் பெட்டி பிரித்து வைத்திருக்கும்போது சுமார் என்ற ரகத்தைத் திரும்ப உள்ளே போட எனக்கு மனம் வராது. கியர் பற்களில் மட்டும் ஒரு சேதமும் இல்லை. அவை கெட்டிருந்தால் இந்த வேலையை விட்டுவிட்டு வேறு பெட்டி தேடியிருப்பேன்.

ஷாஃப்டைக் கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் காட்டியதும் அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கடைஞ்சு குடுக்க எனக்கு அரை மணி நேரம். ஆனா ஊசி ஓடுற ஷாஃப்டுக்கு மேல்தோல் ஹார்டா இருக்கணும், கிரைண்டிங் பண்ணியிருக்கணும். சும்மா கடைஞ்சு போட்டா மாசத்துல தின்னுடும்." காசு வருகிறதே என்று செய்து கொடுக்காத மனிதர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஊசி பேரிங்குக்கு உள்வளையம் தனியாகக் கிடையாது, ஷாஃப்டின் மேற்பரப்பேதான் உள்வளையம்.

ஷாஃப்டு புதுப்பேட்டையில் கிடைத்தது. பிரித்துப் போட்டிருந்த பெட்டிகளில் நகச் சோதனையில் தேறியதை எடுத்துக்கொண்டேன். பழைய பொருளில் ஷாஃப்டு வாங்கலாம், கியர் வாங்கலாம். பேரிங்கும் ஆயில் சீலும் வாங்கக் கூடாது. பேரிங்குகளைப் பாரிமுனையில் எண் சொல்லி வாங்கினேன். வண்டியின் பெயரைச் சொன்னால் ஒரு விலை, எண்ணைச் சொன்னால் ஒரு விலை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பால் பேரிங் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வரும், 04லிருந்து மேலே: 6205 என்றால் 25. எண்ணோடு சி3 என்று இருந்தால் உள் இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம். பழையதில் இருந்தால் புதியதிலும் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டும் வேலைதான் எனக்குப் பிடித்தது. பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அடிக்க வேண்டும், கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தில். மாற்றி அடித்தால் குண்டுகள் வழியாக அடி போய், புதுப் பேரிங்கில் முதல் நாளே தழும்பு விழும். நான் அடிக்கவே இல்லை. பேரிங்கை ஆயிலில் போட்டு 100 டிகிரி வரை சூடாக்கினேன், தானாக வழுக்கி உட்கார்ந்தது. 120ஐத் தாண்டக் கூடாது. வீட்டுச் சட்டி வேண்டாம், தனியாக ஒரு பழைய தகரம் வைத்துக்கொண்டால் வீட்டில் நிம்மதி. ஊசிகளுக்குக் கிரீஸ் தடவிக் கவுண்டர் கியரை நிறுத்தி, இரண்டு பக்கத் தள்ளுவளையங்களும் நழுவாமல் பார்த்துக்கொண்டு ஷாஃப்டை மெதுவாக விட்டேன். ஷாஃப்டின் முனையிலிருக்கும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டாயிற்று. ஃப்ளேஞ்சில் பழைய சீல் உராய்ந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. 1000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, புதுச் சீலை ஒரு மயிரிழை ஆழமாக இறக்கினேன். சீலின் உதடு இப்போது பள்ளத்தை விட்டு விலகி நல்ல இடத்தில் உட்காருகிறது. கூட்டு முகத்தில் பசையை மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயிலோடு சுற்றும்.

இனி கியர்பாக்ஸ். அதைத் திறக்கவே இல்லை. 2வது கியர் காலையில் கரகரத்தது உண்மை, லிவரும் கஞ்சி கிண்டுகிற கரண்டியாக ஆடியது. லிவர் ஆட்டத்துக்குக் காரணம் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் புஷ். அதை மாற்றியதும் கியர்கள் இருக்கும் இடம் கைக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கரகரப்புக்கு ஆயிலைச் சந்தேகித்தேன். நம் பக்கம் பட்டறைகளில் கியர்பாக்ஸ் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு 90 ஆயில் ஊற்றுவார்கள், பெரும்பாலும் அச்சுக்கு வாங்கிய ஜிஎல்-5 ரகம். அச்சின் கிரவுன் பினியனுக்கு அதுவே சரி. ஆனால் கியர்பாக்ஸில் கியர் விழும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை. ஜிஎல்-5ல் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது, வழுக்கலும் அதிகம். ஜிஎல்-4, 75டபிள்யூ-90 வாங்கிக் கியர்பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு 0.8 லிட்டர் ஊற்றினேன். கரகரப்பு முக்கால்வாசி போய்விட்டது. வடித்த கியர்பாக்ஸ் ஆயிலில் மஞ்சள் தூள் கொஞ்சம் மின்னியது, அதனால் சின்க்ரோ தேயாமல் இல்லை. என்றைக்காவது கிளட்ச் தட்டு மாற்ற இறக்கும்போது வளையத்தைக் கியரின் கோனில் அழுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்பேன்; இடைவெளி 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டும். அதுவரை ஓடட்டும்.

பழைய ஆயில் கேனில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளும் ஆள் வருவார். கால்வாயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும். பக்கிங்காம் கால்வாய் பட்டது போதாதா.

பிரீதர் வேலை மலிவானது, ஆனால் இந்த ஊருக்கு அவசியமானது. ஆயில் தாங்கும் ரப்பர் குழாயை வாங்கி, இரண்டு பெட்டிகளின் பிரீதரையும் எஞ்சின் அறையில் ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) மேல்விளிம்பு வரை ஏற்றிக் கட்டிவிட்டேன். நடுவில் எங்கும் தொங்கல் விழக் கூடாது, தொங்கினால் ஆவி நீராகித் தேங்கி அடைத்துக்கொள்ளும். நுனியில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர், தூசிக்காக.

இப்போது 60ல் சாதாரணமாகப் பேசலாம். ஜிப்ஸிக்கே உரிய மெல்லிய ஊளை இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். 2 ஹையிலிருந்து 4 ஹைக்கு லிவர் நல்ல டக்கோடு விழுகிறது. மணலி பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஆயிலைப் பார்த்தேன், மூலைகளில் மிச்சமிருந்த ஈரத்தால் லேசாக மங்கியிருந்தது. சில நூறு கிலோமீட்டர் போனதும் டிரான்ஸ்ஃபர் பெட்டியை மட்டும் இன்னொரு தடவை வடித்து மாற்ற வேண்டும். முன்பக்க ஃப்ளேஞ்ச் சீல் இன்னும் லேசாக வியர்க்கிறது, சொட்டவில்லை.

அடுத்த வேலை முன்னச்சின் இரண்டு முனைகளும். சக்கரம் திரும்பும் அந்த உருண்டைக் கூட்டுக்குள்ளும் அதே வெள்ளத்தண்ணீர் போயிருக்கும், வீல் பேரிங் கிரீஸைப் பார்த்தால் தெரிந்துவிடும். சீல் செட்டும் ஃபெல்ட் பட்டையும் சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் இடது பக்கத்தில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.